வாத்துகளின் ‘வி’ வரிசையும் அந்த 71 சதவீதமும்

குழு மேலாண்மை வகுப்பு ஸ்லைடுகளிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் தன்னம்பிக்கைச் செய்திகளிலும் ஒரு எண் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. காட்டு வாத்துகள் ‘வி’ வடிவத்தில் பறப்பதால், தனியாகப் பறப்பதைவிட 71 சதவீதம் அதிக தூரம் போகின்றனவாம். சில செய்திகளில் இது ‘71 சதவீதம் அதிக வேகம்’ என்றுகூட மாறிவிடுகிறது. எண் பொய்யில்லை. ஆனால் அதை யாரும் எந்த வாத்திடமும் அளந்து எடுக்கவில்லை.

1970-இல் லிஸ்ஸமன், ஷோலன்பெர்கர் என்ற இருவர் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். விமான இறக்கைகளுக்கான காற்றியக்கக் கணக்கைப் பறவைக் கூட்டத்துக்குப் போட்டுப் பார்த்தது அது. 25 பறவைகள், எல்லாம் ஒரே அளவு, இறக்கையை அடிக்காமல் விரித்தபடியே பறக்கின்றன, ஒவ்வொன்றும் மிகச் சரியான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பறக்கும் தூரம் 71 சதவீதம் வரை கூடலாம் என்பது அவர்களுடைய விடை. அது உச்சவரம்பு. நிஜ வாத்து இறக்கையை அடிக்கிறது, காற்றில் அலைகிறது, பக்கத்துப் பறவையோடு இடைவெளியைச் சரியாக வைக்கத் தடுமாறுகிறது. இந்த மூன்றும் சேர்ந்து அந்த 71-ஐ எவ்வளவு கரைக்கின்றன என்பதுதான் விஷயத்தின் சுவாரஸ்யமான பகுதி. அதற்கு முதலில் அந்த இலவசக் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

பறவை மேலே நிற்க வேண்டுமானால் காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். இறக்கைக்கு அடியில் அழுத்தம் கூடுதல், மேலே குறைவு. இறக்கை நுனியில் இந்த இரண்டுக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லாததால், கீழிருக்கும் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. பறவை முன்னே போகப் போக, இந்தச் சுற்றல் இரண்டு நுனிகளுக்கும் பின்னால் இரண்டு நீண்ட சுழல்களாக நீள்கிறது. இரண்டு சுழல்களுக்கும் நடுவில், அதாவது பறவைக்கு நேர் பின்னால், காற்று கீழே இறங்குகிறது. சுழல்களுக்கு வெளிப்புறத்தில் மேலே ஏறுகிறது. நேர் பின்னால் பறக்கும் பறவைக்கு நஷ்டம், பக்கவாட்டில் சற்று விலகிப் பறக்கும் பறவைக்கு லாபம். 1914-லேயே ஜெர்மானியரான வீசல்ஸ்பெர்கர் இந்த விளக்கத்தைச் சொல்லிவிட்டார். விமானம் என்ற பொருளுக்கே அப்போது பதினோரு வயதுதான்.

இதில் எவ்வளவு பெரிய ஆற்றல் புழங்குகிறது என்று ஒரு கைக்கணக்குப் போடலாம். எடை 2.5 கிலோ, இறக்கை விரிப்பு 1.5 மீட்டர், வேகம் நொடிக்கு 18 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். நடுத்தர அளவுள்ள ஒரு காட்டு வாத்துக்கு இவை பொருந்தும். கடல்மட்டக் காற்றில் இந்தப் பறவை தன் எடையைத் தாங்க, காற்றை நொடிக்கு 0.32 மீட்டர் வேகத்தில் கீழ்நோக்கித் தள்ள வேண்டியிருக்கும். எடையை, அதாவது சுமார் 25 நியூட்டன் விசையை, அந்த வேகத்தால் பெருக்கினால் சுமார் 8 வாட். மேலே நிற்பதற்காக மட்டும் பறவை கட்டும் வாடகை இது. பொறியாளர்கள் இதை இன்ட்யூஸ்டு டிராக் என்பார்கள். நாம் தூண்டு இழுவை என்று வைத்துக்கொள்ளலாம். உடலும் இறக்கையும் காற்றில் உரசிப் போவதற்கான செலவு இதில் சேரவில்லை, அது தனி. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகப் போகிறது.

அதே பறவைக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் இன்னொரு வாத்து வருகிறது. அதன் உள்பக்க இறக்கை நுனி முன்பறவையின் நுனிக்கு நேர்க்கோட்டில் இருந்தால், அதாவது பக்கவாட்டு இடைவெளி பூஜ்யமானால், இறக்கை முழுக்கச் சராசரியாக நொடிக்கு 16 சென்டிமீட்டர் ஏறும் காற்று கிடைக்கும். 8 வாட்டில் பாதி மிச்சம். நுனிகளுக்கு நடுவே அரை மீட்டர் பக்கவாட்டு இடைவெளி விழுந்தால் மிச்சம் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஒரு மீட்டர் என்றால் 10 சதவீதம். இறக்கை அடிக்காத எளிய மாதிரியை வைத்துப் போட்ட கணக்குதான் இது. ஆனாலும் சரிவு எவ்வளவு செங்குத்து என்பது தெரிகிறது: ஒரு முழ அளவுக்கு விலகினால் லாபத்தில் பாதிக்கு மேல் போய்விடும். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில், எதிர்க்காற்றுக்கும் பக்கக்காற்றுக்கும் நடுவே, ஒரு முழத் துல்லியத்தில் மணிக்கணக்காக இடம் பிடித்து வைப்பது சின்ன வேலையில்லை.

சரியான இடம் பூஜ்யம்கூட இல்லை, அதற்கும் கொஞ்சம் உள்ளே. சுழல் இறக்கை நுனியிலேயே தங்குவதில்லை. பின்னால் நீளும்போது உள்பக்கமாகச் சுருண்டு, நுனியிலிருந்து விரிப்பில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உள்ளே தள்ளி அமைகிறது. ஒன்றரை மீட்டர் விரிப்புள்ள வாத்துக்கு இது 16 சென்டிமீட்டர். ஆகவே பின்னால் வருகிற பறவை தன் நுனியை முன்பறவையின் நுனிக்கு வெளியே வைக்காமல், அதன் பாதைக்குள் 16 சென்டிமீட்டர் நுழைத்து வைத்தால்தான் முழுப் பலன். பின்னால் இருப்பதால் இடித்துக்கொள்ள வாய்ப்பில்லை. கனடா வாத்துகளைப் படமெடுத்து அளந்த ஹெய்ன்ஸ்வொர்த் 1987-இல் பார்த்ததும் இதுதான். பறவைகள் சராசரியாக இந்த அளவை ஒட்டியே இறக்கைகளை மேற்கவியும்படி வைத்திருந்தன. ஆனால் சராசரி என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தனித்தனிப் பறவைகள் அங்கும் இங்கும் நிறையவே சிதறியிருந்தன.

முன்னும் பின்னுமான இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும்? அசையாத இறக்கை என்றால் அது அவ்வளவு முக்கியமில்லை. சுழல் பின்னால் நீண்டுகொண்டே இருப்பதால் இரண்டு மீட்டர் பின்னால் இருந்தாலும் ஐந்து மீட்டர் பின்னால் இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. அதனால்தான் ‘வி’யின் கோணம் இவ்வளவு மாறுகிறது. 1974-இல் கோல்ட், ஹெப்னர் இருவரும் கனடா வாத்துக் கூட்டங்களைப் படமெடுத்துச் சுமார் 34 பாகை என்று கணக்கிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ரேடார் வைத்துப் பார்த்தவர்களுக்கு 38 முதல் 124 பாகை வரை கிடைத்தது. பக்கவாட்டு இடைவெளிதான் லாபத்தைத் தீர்மானிக்கிறது. கோணம் அந்த நேரத்தில் முன்பின் இடைவெளி எப்படி அமைகிறதோ அதன் விளைவு. நடு உடலிலிருந்து நடு உடலுக்குப் பக்கவாட்டில் 1.34 மீட்டர், அதாவது விரிப்பில் 16 சென்டிமீட்டர் கழித்தது, என்று வைத்துக்கொண்டால், 2 மீட்டர் பின்னால் பறந்தால் ‘வி’ 68 பாகை, 4 மீட்டர் பின்னால் பறந்தால் 37 பாகை. இரண்டிலும் லாபம் ஏறக்குறைய ஒன்றே.

அசையாத இறக்கை என்று சொன்னேனே, சிக்கல் அங்கேதான். வாத்து நொடிக்குச் சுமார் 4 முறை இறக்கை அடிக்கிறது. நொடிக்கு 18 மீட்டர் போகும் பறவையின் நுனி காற்றில் வரையும் பாதை நேர்க்கோடாக இருக்காது. நாலரை மீட்டருக்கு ஒரு முறை ஏறி இறங்கும் அலையாக இருக்கும். சுழலும் அந்த அலைப்பாதையிலேயே கிடக்கிறது. பின்னால் வருகிற பறவை தன் நுனியை அதே அலையில் ஓட்டினால் மட்டுமே ஏறும் காற்றை ஒவ்வொரு அடிப்பிலும் பிடிக்க முடியும். சரியாக நாலரை மீட்டர் பின்னால் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் இறக்கையைத் தூக்கும், ஒரே நேரத்தில் இறக்கும். இரண்டேகால் மீட்டர் பின்னால் இருந்தால் ஒன்று தூக்கும்போது மற்றது இறக்க வேண்டும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு இது ஒத்திசைவு இல்லாததுபோலத் தெரியும், ஆனால் காற்றில் இரண்டு நுனிகளும் ஒரே தடத்தில்தான் போகின்றன.

பறவைகள் உண்மையிலேயே இந்த அளவுக்கு நுணுக்கமாகச் செய்கின்றனவா என்று நெடுநாள் சந்தேகம் இருந்தது. 2014-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு அதைத் தீர்த்தது. அதில் வாத்து கிடையாது, வழுக்கைத்தலை அரிவாள்மூக்கன்தான். மத்திய ஐரோப்பாவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோன இந்தப் பறவையை ஆஸ்திரியாவில் குஞ்சிலிருந்து கையால் வளர்த்து, சிறிய இயந்திரப் பாராகிளைடரைப் பின்தொடரப் பழக்கி, இத்தாலியின் தஸ்கனிக்கு வழிகாட்டிக் கூட்டிப் போனார்கள். வழிகாட்ட மூத்த பறவைகள் இல்லாததால் மனிதர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். அப்படிப் போன 14 இளம்பறவைகளின் முதுகில் 23 கிராம் எடையுள்ள கருவிகளைப் பொருத்தினார்கள். ஜிபிஎஸ் நொடிக்கு 5 முறை இடத்தைப் பதிந்தது, முடுக்கமானி நொடிக்கு 300 முறை இறக்கை அசைவைப் பதிந்தது. இடத்தின் பிழை 30 சென்டிமீட்டர் அளவில்.

முடிவு தெளிவாக வந்தது. ‘வி’யில் பக்கவாட்டில் இருக்கும் பறவை, முன்பறவையின் நுனித்தடத்தை அப்படியே பின்தொடரும்படி இறக்கையடிப்பை ஒத்திசைக்கிறது. அதே பறவை ஏதோ காரணத்தால் முன்பறவைக்கு நேர் பின்னால் வந்துவிட்டால், உடனே அடிப்பை எதிர்மாறாக மாற்றிக்கொள்கிறது. நுனித்தடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, கீழிறங்கும் காற்றின் பாதிப்பு குறைகிறது. இந்தப் பறவைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கப் பெற்றோர் கிடையாது. பாராகிளைடருக்கு அந்தக் கலை தெரியாது. பயணம் போகப் போக அவையே பழகிக்கொண்டன. என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையில் 71 சதவீதத்தைவிட நூறு மடங்கு ஆச்சரியமான கண்டுபிடிப்பு இதுதான். ஆனால் ஸ்லைடில் போட ஒரு எண் கிடைக்காததால் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு மிச்சம்?

நேரடி அளவீடு வந்தது கூழைக்கடாக்களிடமிருந்து. செனகலில் பழக்கப்படுத்தப்பட்ட பெரிய வெள்ளைக் கூழைக்கடாக்கள் மோட்டார் படகையும் சிறிய விமானத்தையும் பின்தொடர்ந்து பறந்தன. இதயத்துடிப்பைப் பதியும் கருவியோடு பறக்கவிட்டபோது, தனியாகப் பறந்ததைவிட வரிசையில் பறந்தபோது ஆற்றல் செலவு 11 முதல் 14 சதவீதம் குறைந்ததாக 2001-இல் வெளியிட்டார்கள். இதில் ஒரு பகுதி, வரிசையில் இருக்கும்போது அவை இறக்கை அடிக்காமல் மிதப்பது கூடியதால் வந்தது.

வாத்துகளின் எண் இதைவிடச் சிறியது. இளஞ்சிவப்புக்கால் வாத்துகள் ஐஸ்லாந்திலும் கிரீன்லாந்திலும் முட்டையிட்டுவிட்டுக் குளிருக்குப் பிரிட்டன் வருபவை. அவற்றின் 54 வரிசைகளை நேர் கீழிருந்து படமெடுத்து ஒவ்வொரு பறவையின் இடத்தையும் அளந்து கணக்குப் போட்டார்கள் கட்ஸும் ஸ்பீக்மனும். 1994-இல் வந்த அவர்கள் முடிவு: தூண்டு இழுவைக்கான ஆற்றலில் 14 சதவீதம் மிச்சம். பறப்பதற்கான மொத்த ஆற்றலில் பார்த்தால் 2.4 சதவீதம்.

71 எங்கே, 2.4 எங்கே. இரண்டு இடங்களில் கரைகிறது. முதலாவது, முன்பு சொன்ன பக்கவாட்டு இடைவெளி. சரியான இடத்தில் இருந்தால் பாதி மிச்சமாகும் என்று கணக்குச் சொல்கிறது. பறவைகள் சிதறி இருப்பதால் கிடைப்பது 14 சதவீதம். இரண்டாவது, வலசை வேகத்தில் வாத்தின் செலவில் பெரும்பங்கு உரசலுக்குப் போகிறது. மேலே நிற்பதற்கான வாடகை மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். 14-இல் ஆறில் ஒரு பங்கு எடுத்தால் 2.4-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். தூண்டு இழுவைக்கான செலவு வேகம் கூடக் கூடக் குறையும், உரசல் செலவு கூடும். வாத்து வேகமாகப் பறக்கும் பறவை என்பதால் வரிசையின் லாபம் அதற்கு இயல்பிலேயே குறைவு. மெதுவாகப் பறக்கிற, நீண்ட இறக்கையுள்ள கூழைக்கடாவுக்குக் கூடுதல்.

2.4 சதவீதம் என்றதும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் திறந்த கடலைத் தாண்டும் பறவைக்கு அது 24 கிலோமீட்டர். நடுவே உட்கார இடமில்லாத பயணத்தில், எதிர்க்காற்று பிடித்த நாளில், கரைக்கு முன்னால் கொழுப்பு தீர்வதா கரைக்குப் பின்னால் தீர்வதா என்பதை அந்த 24 கிலோமீட்டர் முடிவு செய்துவிடலாம்.

தலைமைப் பறவை பற்றி. ‘முன்னால் பறப்பது களைத்தால் பின்னால் போகும், அடுத்தது முன்னால் வரும்’ என்ற வரி ஃபார்வர்டுகளில் தவறாமல் இருக்கும். முன்னால் இருப்பதற்கு லாபம் மிகக் குறைவு என்பது சரி. எல்லாப் பறவைகளும் ஒரே நேர்க்கோட்டில் தோளோடு தோளாகப் பறந்தால் நடுப்பறவைக்குத்தான் இரண்டு பக்கமிருந்தும் காற்று கிடைத்து அதிக லாபம். அந்தக் கோட்டைப் பின்னால் மடக்கி ‘வி’ ஆக்கினால் கூட்டத்தின் மொத்த லாபம் அப்படியே இருக்கும், பங்கீடு மட்டும் முன்னாலிருந்து பின்னால் நகரும். கூர்மையான ‘வி’ என்றால் முதல் பறவைக்கு ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. இடம் மாற்றிக்கொள்வதைத் துல்லியமாக அளந்ததும் அரிவாள்மூக்கன்களிடம்தான். 2015-இல் வெளியான தொடர் ஆய்வின்படி, ஒவ்வொரு பறவையும் சராசரியாகப் பயண நேரத்தில் 32 சதவீதம் இன்னொன்றின் ஏறும் காற்றில் பறந்தது. அதே அளவு நேரம் தானும் முன்னால் நின்று மற்றதற்குக் காற்று கொடுத்தது. கணக்கு பெரும்பாலும் இரண்டிரண்டு பேருக்குள் தீர்ந்தது. இவன் அவனுக்கு முன்னால் சிறிது நேரம், உடனே அவன் இவனுக்கு முன்னால் அதே அளவு நேரம். ‘தலைவர்’ என்று நிரந்தரமாக யாரும் இல்லை.

வழியில் எழுப்பும் குரலை ‘முன்னால் இருப்பவரை உற்சாகப்படுத்துவது’ என்று சொல்வது மனிதர்கள் ஒட்டிய கதை. அது ஒருவரோடு ஒருவர் தொடர்பில் இருப்பதற்கான குரல். இருட்டிலும் மேகத்திலும் குடும்பம் பிரியாமல் இருக்க அது வேண்டும். நோயுற்றது கீழே இறங்கினால் இரண்டு பறவைகள் கூடவே இறங்கும் என்ற எண்ணிக்கை விதியும் அப்படித்தான். வாத்துகள் நீண்டகால இணையோடு வாழ்பவை. குஞ்சுகள் முதல் வலசையைப் பெற்றோருடன் செய்பவை. இணையோ குடும்பமோ தங்கிவிட்டால் அதில் வியப்பில்லை. அதற்குமேல் அதில் நிர்வாகப் பாடம் ஏதும் எனக்குத் தென்படவில்லை.

காற்றை மட்டும் வைத்து ‘வி’யை முழுக்க விளக்கிவிட முடியாது. வாத்தின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. பக்கவாட்டுப் பார்வை அகலம். நேர் முன்னால் ஒரு பறவை இருப்பதைவிடச் சாய்வாக முன்னால் இருந்தால் அதைப் பார்த்துக்கொண்டே தன் பாதையையும் பார்க்கலாம். முன்னால் இருப்பது சட்டென்று வேகம் குறைத்தாலும் மோதல் இல்லை. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி மேயப் போகும் வாத்துகள்கூட வரிசை கட்டுகின்றன. அந்தத் தூரத்துக்கு ஆற்றல் மிச்சம் பொருட்டே இல்லை. பார்வையும் மோதாமையும் வரிசையைத் தொடங்கி வைக்கின்றன, காற்று லாபம் அதைச் சரியான இடைவெளிக்கு இழுக்கிறது என்று இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சின்னப் பறவைகள் ஏன் இதைச் செய்வதில்லை என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சுழலின் அளவு இறக்கை விரிப்பைப் பொறுத்தது. விரிப்பு 20 சென்டிமீட்டர் என்றால், பிடிக்க வேண்டிய துல்லியம் இரண்டு சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இறக்கையடிப்பும் மிக வேகம். புறாக்களுக்குக் கருவி கட்டி அளந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நெருக்கமான கூட்டத்தில் பறக்கும் புறாவுக்குச் செலவு கூடியது. அவை கூட்டமாகப் பறப்பது பருந்துக்குப் பயந்து, மிச்சம் பிடிக்க இல்லை.

நம் பக்கத்தில் இந்தப் பாடத்துக்கு ஏற்ற பறவை வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் முட்டையிட்டு, இமயமலையைத் தாண்டிக் குளிர்காலத்துக்கு இந்தியா வருகிறது. தெற்கே திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை இறங்குகிறது. எடை இரண்டு மூன்று கிலோ, விரிப்பு ஒன்றரை மீட்டர் சுமார். மேலே போட்ட கைக்கணக்கு இந்த வாத்துக்கு அப்படியே பொருந்தும்.

5,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதம். மெல்லிய காற்றில் எடையைத் தாங்கப் பறவை வேகத்தைக் கூட்ட வேண்டும், நொடிக்கு 18 மீட்டர் என்பது 23 ஆகும். வேகம் கூடியும் மேலே நிற்பதற்கான வாடகை 8 வாட்டிலிருந்து 10 வாட்டுக்கு ஏறுகிறது. அதே நேரத்தில் சுவாசிக்கக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. செலவு கூடி வரவு குறையும் நிலை. இந்த வாத்தின் ஹீமோகுளோபின் குறைந்த அழுத்தத்திலும் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது, நுரையீரலும் உடல் அளவுக்குப் பெரியது. ‘எவரெஸ்ட்டுக்கு மேலே பறக்கும் பறவை’ என்று புகழ் பெற்றிருந்தாலும், செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்தபோது பதிவான உச்சம் 7,290 மீட்டர். அதுவும் அபூர்வம். பெரும்பாலான நேரம் பள்ளத்தாக்குகள் வழியாக, நிலத்தின் மேடு பள்ளத்தை ஒட்டியே ஏறி இறங்கிப் போகிறது. சேர்த்த உயரத்தை இழந்து மறுபடி ஏறுவது வீண் என்று தோன்றும். ஆனால் 2015-இல் வந்த இதயத்துடிப்பு ஆய்வு, மெல்லிய காற்றில் விடாமல் பறப்பதைவிட இது மலிவு என்று காட்டியது. மலை ஏறுவதற்கும் பகலின் மேலெழும் காற்றை நம்பாமல், காற்று குளிர்ந்து அடர்த்தியாகவும் அமைதியாகவும் இருக்கும் இரவையும் விடியற்காலையையும் தேர்ந்தெடுக்கிறது. ஆற்றல் மிச்சத்தில் வரிசை தருவதைவிட உயரத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது தருவது அதிகம் என்று இந்தப் பறவையை வைத்துச் சொல்லலாம்.

விமானங்களிலும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். நாசா 2001-இல் இரண்டு எஃப்-18 விமானங்களைப் பறக்கவிட்டு, பின்விமானத்தின் எரிபொருள் ஓட்டத்தில் 18 சதவீதம் வரை குறைவைப் பார்த்தது. 2021 நவம்பரில் ஏர்பஸ் இரண்டு ஏ350 விமானங்களை துலூஸிலிருந்து மாண்ட்ரியலுக்கு 3 கிலோமீட்டர் இடைவெளியில் பறக்கவிட்டது. மிச்சம் 5 சதவீதத்துக்கு மேல். இறக்கை அசையாததால் சுழல் நேர்க்கோடாகக் கிடக்கிறது, அவ்வளவு தூரம் தள்ளியும் பயன்படுகிறது. லாபம் முழுக்கப் பின்விமானத்துக்கே என்பதால், இரண்டு விமானங்களும் வெவ்வேறு நிறுவனத்துடையவை என்றால் எரிபொருள் காசை எப்படிப் பிரிப்பது என்ற பேரமும் பாக்கி இருக்கிறது.

கூந்தன்குளத்திலோ வேறு நீர்நிலையிலோ வரிசையை நீங்களே அளக்க நினைத்தால், கைப்பேசி போதும். வரித்தலை வாத்து கிடைக்காவிட்டால் கூழைக்கடாவோ நீர்க்காகமோ அரிவாள்மூக்கனோ பூநாரையோ எடுத்துக்கொள்ளலாம், முறை ஒன்றே. வாத்துகள் வயலுக்குப் போகும் மாலையும் திரும்பும் காலையும் நல்ல நேரம்.

நேர் தலைக்கு மேலே வரும்போது மட்டும் எடுங்கள். கோண அளவில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இதில்தான். உண்மையில் 68 பாகையுள்ள வரிசை, அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் உங்களை நோக்கி வரும்போது 107 பாகையாகத் தெரியும். அதே உயரத்தில் பக்கவாட்டில் கடந்தால் 37 பாகையாகத் தெரியும். ஒரே கூட்டம், ஒரே நிமிடம்.

வீடியோவை நொடிக்கு 60 ஃபிரேமில் வையுங்கள். நொடிக்கு 4 அடிப்பு என்றால் ஒரு அடிப்புக்கு 15 ஃபிரேம் கிடைக்கும், எந்த இறக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். 30 ஃபிரேமில் ஏழெட்டுதான் கிடைக்கும். இடைவெளி அளக்க அது போதும், ஒத்திசைவு பார்க்கப் போதாது. ஜூம் செய்து பின்தொடர்வதைவிடக் கைப்பேசியை அசையாமல் வானை நோக்கி வைத்து வரிசை கடந்து போகவிடுவது மேல்.

அளவுகோல் பறவையே. இறக்கை முழுதாக விரிந்து கிடைமட்டமாக இருக்கும் ஃபிரேமைத் தேடி, நுனிக்கு நுனி எத்தனை பிக்சல் என்று பாருங்கள், அதை 1.5 மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை மேலேயோ கீழேயோ இருக்கும் ஃபிரேமை எடுத்தால் விரிப்பு சுருங்கித் தெரியும், மற்ற எல்லா இடைவெளியும் பெரிதாகிவிடும். பிறகு ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடிக்கும் உடலிலிருந்து உடலுக்குப் பக்கவாட்டுத் தூரத்தைப் பயணத் திசைக்குச் செங்குத்தாக அளந்து, விரிப்பைக் கழியுங்கள். எதிர்க்குறி வந்தால் நுனிகள் மேற்கவிந்திருக்கின்றன. மைனஸ் 16 சென்டிமீட்டரை ஒட்டி வருபவை நல்ல இடத்தில் இருப்பவை.

பக்கக்காற்று பலமாக அடிக்கும் நாளில் மட்டும் கவனம். பறவையின் உடல் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கூட்டம் தரைமேல் நகரும் திசை வேறாக இருக்கும். சுழல் காற்றோடு சேர்ந்து நகர்வதால், பக்கவாட்டை உடலின் திசைக்குத்தான் செங்குத்தாக அளக்க வேண்டும். கூட்டம் நகரும் திசையை வைத்து அளந்தால் ‘வி’யின் ஒரு கை நெருங்கியும் மற்றது விலகியும் வரும், பறவைகள் ஒழுங்காகத்தான் பறந்திருக்கும்.